மேல் லயத்தில் விளக்கு ஏற்றிய வேளை

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது, தமிழுக்கு ஆடியாகிய கர்க்கடக மாதம், பெருவெள்ளத்து ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் இவர்கள்: கங்காணியாகிய நான், என் மனைவி ஞானப்பூ, எங்கள் சபைக்கு உபதேசியாராக இருந்த என் தம்பி வேதமுத்து, கடைசி அறையில் குடியிருந்த, செடி கத்தரிக்கிற கவாத்து ஆள் சங்கையா, நிறைமாதமாக இருந்த அவன் மனைவி சின்னத்தாய். அவள் வயிற்றில் இருந்ததையும் சேர்க்க வேண்டும் என்று வேதமுத்து சொல்கிறான். சேர்த்துக்கொள்கிறேன். வேறு ஒருவரும் அங்கே இல்லை. தாங்களும் இருந்ததாக வண்டிப்பெரியார் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறவர்கள் அன்று கீழே தேயிலை ஃபாக்டரியில் பத்திரமாக இருந்தார்கள்.

நாங்கள் ஏன் மேலே இருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஓய்வு நாள் ஞாயிறு காலையில் தொடங்குவதில்லை. வேதத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் மாலையில் தொடங்கிக் காலைக்கு வருகிறது. தேவன் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தாரே ஒழிய வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகவில்லை என்று என் தகப்பனார் அதை விளங்கிக்கொண்டார். ஆகவே சனிக்கிழமை மாலை விளக்கு ஏற்றினால் எங்களுக்கு ஓய்வு தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி விளக்கு ஏற்றினால் முடியும். நடுவில் அடுப்பு மூட்டுவதில்லை, சுமை தூக்குவதில்லை, வழிப்பயணம் போவதில்லை, இரும்பு தொடுவதில்லை. என் ஆட்களின் மண்வெட்டிகளையும் கவாத்துக் கத்திகளையும் சாமான் கொட்டகையில் பூட்டி, சாவியை அரைஞாணில் கோத்துக்கொள்வேன். வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் அன்று வேலை செய்யலாகாது என்பது கட்டளை. "ஞாயித்துக்கெழம பூனை குட்டி போட நல்ல எடம் கங்காணி வீட்டு அடுப்புதான்" என்று தோட்டத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தாமிரபரணிக் கரையை விட்டு இந்த மலைக்கு வந்த நாள் முதல் எங்கள் வீட்டில் ஒரு ஓய்வு நாளும் மீறப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை, எல்லோரும் ஃபாக்டரிக்கு இறங்க வேண்டும் என்ற துரையின் உத்தரவு வந்து சேர்ந்தபோது எங்கள் விளக்கு ஏற்றியாகிவிட்டது. மற்றக் குடும்பங்கள் பானை சட்டியோடு இறங்கின. நாங்கள் இறங்கவில்லை. சின்னத்தாயால் அந்தச் சரிவில் நடக்க முடியாது என்று சங்கையாவும் நின்றுவிட்டான். விடிந்து பார்த்தால் ஓடையின்மேல் இருந்த பலகைப் பாலம் இல்லை. இனி இறங்க வழியும் இல்லை.

காலை ஜெபத்தில் வேதமுத்து அதே முதல் அதிகாரத்தை வாசித்தான். பூமி உருவில்லாமல் வெறுமையாய்க் கிடந்தது, ஆழத்தின்மேல் இருள் இருந்தது என்ற இடத்தில் அவன் குரல் தடுமாறியது. கதவுக்கு வெளியே அதுதான் இருந்தது. எத்தனையோ நாளாகச் சூரியனைக் காணவில்லை. மஞ்சு முற்றத்தை மூடிவிட்டது. எதிர் மலையும் கீழே பெரியாறும் இருந்த இடம் தெரியவில்லை. மேலிருந்தும் தண்ணீர், கீழிருந்தும் தண்ணீர். ஓடையில் பாறைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்தது. உண்டாக்கப்பட்டதெல்லாம் அவிழ்ந்து பழைய நிலைக்குத் திரும்புகிறதோ என்று எனக்குத் தோன்றியது.

சங்கையா நனைந்த சாக்கைத் தலையில் கவிழ்த்தபடி வாசலுக்கு வந்தான்.

"கங்காணி ஐயா, பின்னால வடிகால் தூந்து போச்சு. மலைத் தண்ணி பூரா சுவத்துக்குத்தான் வருது. மம்பட்டி வேணும்."

"வெளக்கு வைக்கட்டும். தாரேன்."

"வெளக்கு வைக்கயில சுவரு இருக்கணுமே, ஐயா."

"எங்க வீட்டு மொறை ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியாமலா? நீங்க தொட வேண்டாம். சாவியத் தாங்க, நான் தொடுதேன். எனக்கு ஒங்க கெழமையெல்லாம் கெடையாது."

"எம் பொறுப்புல உள்ள இரும்பு. நீ என் ஆளு. ரெண்டும் இன்னைக்கு வேலை செய்யாது."

அவன் மழைநீரை முகத்திலிருந்து வழித்தான். "ஏழாம் நாளு ஒங்க சாமி ஓஞ்சாராக்கும். சரிதான். அவரு வீட்டுப் பின்னால மலை இல்ல போலிருக்கு."

உள்ளே ஞானப்பூ சிரித்துவிட்டாள். பயத்தில் வருகிற சிரிப்பு அது. நான் திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டாள். சங்கையா ஒரு பலகைத் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், வெறுங்கையாலும் பலகையாலும் சேற்றை அள்ளத் தொடங்கினான். அவன் அள்ளிய இடத்தில் அள்ளியதைவிட அதிகமாக வந்து விழுந்தது.

நான் மாலைக்காகக் காத்திருந்தேன். மற்ற நாட்களில் மேற்குச் சிகரத்தின் நிழல் லயத்து முற்றத்தைத் தாண்டும்போது விளக்கு ஏற்றுவோம். அன்று நிழலே இல்லை. ஃபாக்டரி மணி அடித்ததோ என்னவோ, மழையில் கேட்கவில்லை. பகல் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சுவரின் அடியில் முதலில் தெளிந்த நீர் கசிந்தது. பிறகு அது சிவந்தது. புதிதாக வெட்டிய குழியின் மண்வாசனை வீட்டுக்குள் வந்தது. எந்தக் குழியின் வாசனை என்று ஞானப்பூவுக்கும் புரிந்துவிட்டது. அவள் என் இடுப்புச் சாவியையே பார்த்தாள்.

கடைசி அறையிலிருந்து சின்னத்தாய் அலறினாள். ஞானப்பூ ஓடினாள். திரும்பி வந்தவள் முக்காடு நழுவியதைக்கூடச் சரிசெய்யவில்லை.

"அவளுக்கு வலி வந்துட்டுது. அந்த வீட்டுப் பின்சுவத்துல என் கை உள்ள போகுது. அவள இங்க கொண்டாரணும்."

நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: "சுமையா, மனுசியான்னு அண்ணனும் தம்பியும் பேசி முடிங்க. நான் தூக்கப் போறேன்."

அவளும் சங்கையாவும் சின்னத்தாயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் பாயில் கிடத்தினார்கள். "அக்கா, மலை பேசுதுக்கா" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். "பேசட்டும், நீ மூச்ச விடு" என்றாள் ஞானப்பூ.

வேதமுத்து என் அருகில் வந்து நின்றான். உபதேசியாரானாலும் அவன் என்னை எதிர்த்துப் பேசியவன் அல்ல.

"அண்ணாச்சி, சாவியத் தாங்க."

"சாயங்காலம் ஆகல."

"ஆகலன்னு எப்படிச் சொல்லுதிய?"

"ஆச்சுன்னு நீ எப்படிச் சொல்லுதே? பொய் சொல்லாத, வேதமுத்து. நம்ம வீட்டுல இது வரைக்கும் ஒருத்தனும் மீறினதில்ல. அப்பா பேரு இருக்கு."

"ஆச்சுன்னு நான் சொல்லல. எனக்குத் தெரியல. ஆனா வேதத்துல சூரியன் உண்டாகுறதுக்கு முன்னாலயே மூணு சாயங்காலம் வந்துச்சே. நெழலப் பாத்தா ஆண்டவரு அத எண்ணினாரு? வெளிச்சத்தயும் இருட்டயும் அவரு பிரிச்சாரு, நாள் ஆச்சு." இப்போது அவன் குரல் தடுமாறவில்லை. "ஓஞ்சாரு, வாஸ்தவம். எப்ப ஓஞ்சாரு? தண்ணிய ஒதுக்கி, தரைய எடுத்து, மூச்சுள்ளதுக்கு ஒரு எடம் உண்டாக்கி, எல்லாம் நல்லதுன்னு பாத்த பொறவு ஓஞ்சாரு. இங்க பாருங்க, அண்ணாச்சி. மேல் தண்ணியும் கீழ் தண்ணியும் இன்னும் பிரியல. இங்க ரெண்டாம் நாளே முடியல. நாம எதுலருந்து ஓயுதோம்?"

பின்னால் சுவர் முனகியது. சின்னத்தாய் கத்தவில்லை; பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள்ளேயே யார் முகமும் யாருக்கும் தெரியாத அளவுக்கு மங்கிப்போயிருந்தது.

நான் மாடத்துக்குப் போனேன். தீக்குச்சிகள் ஈரமாக இருந்தன. உரசியவை மருந்து உதிர்ந்து போயின. கடைசியாக ஒன்று பற்றியது. திரியில் வைத்து, கையால் மறைத்து, எரியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் முதலில் சின்னத்தாயின் முகத்தை இருட்டிலிருந்து பிரித்தது. பிறகு ஞானப்பூவின் கைகளை. பிறகு சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஓடிய வெடிப்பை.

"விளக்கு வச்சாச்சு" என்றேன். எங்கள் வீட்டில் ஓய்வு முடிந்ததைச் சொல்லும் சொல் அதுதான்.

சாமான் கொட்டகையைத் திறந்தேன். மூன்று ஆண்களும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்தோம். தூர்ந்த வடிகாலைத் தோண்டுவதில் பயனில்லை என்று கண்டு, அதற்கு மேலே, தேயிலைச் செடிகளின் நடுவே குறுக்காகப் புது வாய்க்கால் வெட்டினோம். காய்ப்பு இல்லாத கை வேதமுத்துவுக்கு. உள்ளங்கை கிழிந்து பிடி சிவந்தது. மலை எந்த நேரத்தில் வரும் என்று தெரியாமல் மலைக்கு முதுகைக் காட்டி வெட்டுவது எப்படி என்பதை வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின்கழுத்து கூசியது. சங்கையா தன் குலசாமியைக் கூப்பிட்டான். வேதமுத்து தடுக்கவில்லை. கடைசி மண்ணை இழுத்துவிட்டதும் தண்ணீர் ஒரு கணம் நின்று, பின் ஓடைப் பக்கம் திரும்பி ஓடியது.

வீட்டு வாசலை நாங்கள் எட்டவில்லை. அதற்குள் ஓடை உட்பட எல்லாச் சத்தமும் நின்றது. பிறகு லயத்தின் கடைசிப் பக்கம் தேயிலைச் செடிகள் ஒரு வரிசை சாயாமல், நின்ற நிலையிலேயே நகர்ந்து வந்தன. சாமான் கொட்டகை போயிற்று. சங்கையாவின் அறை போயிற்று. அடுத்த அறையும் பாதி போயிற்று. எங்கள் சுவர் நின்றது. உள்ளே போனபோது மாடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஞானப்பூ அடுப்பு மூட்டினாள். சாம்பலில் படுத்திருந்த பூனை வெருண்டு வெளியே பாய்ந்தது. வெந்நீர் காய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அது அழுதபோதுதான் மழை குறைந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

சங்கையா வாசலில் குந்தி உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். "உபதேசியாரே, இப்ப எத்தனாம் நாளு?"

வேதமுத்து வெளியே பார்த்தான். மஞ்சு விலகி, முற்றத்தில் ஒரு முழத் தரை தெரிந்தது. "தரை தெரிஞ்சிருச்சு. மூணு."

"அப்ப இன்னும் வேலை கெடக்குன்னு சொல்லுங்க" என்றான் அவன்.

இருட்டு முழுவதும் இறங்க அதற்குப் பின்னும் நெடுநேரம் ஆயிற்று. கர்க்கடகத்தில் மலையில் மாலைப்பொழுது நீள்வது உண்டு. அன்று மணி என்ன என்று கீழே இருந்தவர்களிடம் நான் கேட்டதில்லை. கேட்கப் போவதும் இல்லை.

இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. நாங்கள் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கையில் சங்கையா கொட்டகைப் பூட்டை உடைத்து மண்வெட்டியை எடுத்தான் என்றும், அதனால் எங்கள் வீட்டு ஓய்வு நாள் மீறப்படாமல் காப்பாற்றப்பட்டது என்றும் சொல்கிறார்கள். சபையார் சிலர் எனக்கு நன்மை செய்வதாக எண்ணி இதை என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கொட்டகை மண்ணுக்குள் இருப்பதால் பூட்டை எடுத்துக் காட்ட முடியாது.

சங்கையா பூட்டை உடைக்கவில்லை. விளக்கை நான் ஏற்றினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. கொட்டகையைத் திறந்தவன் நான்.