மூன்றாவது பீட்டா

தம்பியின் கணினி பிளக்கை அக்காதான் உருவினாள். அவனைக் கிடத்த முன்னறையை விட்டால் அந்த வீட்டில் வேறு இடமில்லை. மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். திரை அணைந்தபோது அவனை இரண்டாவது முறையும் சாகவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

காலையில் அந்த மேசையில் தலை சாய்த்தபடியேதான் போயிருந்தான். டீ கொண்டுபோன அவன் மனைவி, தூங்குகிறான் என்று கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். ஒன்பது பத்துக்கு அவன் அக்காவுக்குப் போன் போட்டிருந்தான். ஆபீஸ் அவசரத்தில், இவனுக்கு வேறு வேலையில்லை என்று அவள் எடுக்கவில்லை. ஒன்பதரைக்குள் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். உதவிக்குத்தான் கூப்பிட்டானோ? அந்தக் கேள்வி அவளைப் பிடுங்கித் தின்றது.

அவன் கோப்பு அனுப்பும் மென்பொருள் எழுதுகிறவன். வெளியிடும் முன் சோதிக்கிற ஒவ்வொரு பீட்டாவும் முதலில் வருவது அக்காவின் மடிக்கணினிக்குத்தான். "உனக்கே புரிஞ்சிடுச்சுன்னா ஊருக்கே புரியும்" என்பான். கோப்பு வந்ததும் அவள் 'வந்துச்சு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வார்த்தையைப் போட்டதே அவளுக்காகத்தான். ஆனால் இந்த மகாராணி பெரும்பாலும் அழுத்துவது 'பிறகு' பொத்தானை; கோப்பு பாதியிலேயே காத்து நிற்கும். இன்று காலையிலும் அதைத்தான் அழுத்தினாள்.

பின்னறையில் அவள் பைக்குள்ளிருந்து டிங்கென்று சத்தம் வந்தது. மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள்.

'அக்காவுக்கு: 71 விழுக்காடு. அனுப்புபவர் இணைப்பில் இருக்கிறார்.' பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

வாசலில் நின்ற தம்பியின் கூட்டாளியைக் கைகாட்டி அழைத்தாள். அவனும் தம்பியும் சேர்ந்துதான் அந்த மென்பொருளை எழுதினார்கள்.

"காலைல வந்தது அப்படியே நிக்குதுக்கா. அந்தப் பக்கம் மெஷின் ஆஃப் ஆனா இது நகராது."

"நகருதே."

72 ஆகியிருந்தது. அவன் போய் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். தரையில் கிடந்த பிளக்கை அவனும் பார்த்திருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தது.

"அனுப்புறவங்க இல்லாட்டியும் போய்ச் சேரணும்னு ஒரு திட்டம் வச்சிருந்தான்க்கா. மூணாவது பீட்டாவுக்கு. ஆனா ஒரு வரிகூட எழுதலை. நேத்து சாயங்காலம் அதுக்குத்தான் சண்டை. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அடுத்த வருஷமெல்லாம் ஆகாதுடான்னான்."

எண் ஏறிக்கொண்டே இருந்தது. தொண்ணூறுக்கு மேல் மெதுவாக, மாடிப்படியில் மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுகிறவனைப் போல ஏறியது. நூறானதும் கோப்பு தானாகத் திறந்தது.

வெளியீட்டுத் திட்டம்தான். முதல் பீட்டாவுக்கும் இரண்டாவதற்கும் டிக் போட்டிருந்தான். மூன்றாவதன் கட்டம் காலியாக இருந்தது. அதன் கீழே எழுதியிருந்தான்:

'அனுப்புபவர் போன பிறகும் போய்ச் சேர வேண்டும். சோதிப்பவர்: அக்கா. பிறகு என்றுதான் அழுத்துவாள். ஒன்பது மணிக்கு மேல் போன் போட்டு நச்சரிக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டும்.'

"பாவி, நச்சரிக்கத்தான் கூப்பிட்டிருக்கான்" என்றாள். சிரிப்புதான் முதலில் வந்தது. அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து வராத அழுகையை அழுதாள்.

திரையில் இரண்டு பொத்தான்கள் வந்து நின்றன. வந்துச்சு. பிறகு. புள்ளி இன்னும் எரிந்தது.

"வந்துச்சுன்னு அழுத்தினா இணைப்பு முடிஞ்சிடும்க்கா" என்றான் கூட்டாளி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

தம்பியின் மனைவி வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, வண்டி வந்துடுச்சு. எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க."

"ஒரே நிமிஷம்மா."

அவள் விரல் 'பிறகு' பக்கம் போனது. அழுத்தினால் இன்று ராத்திரியும் இருப்பான். நாளைக்கும் இருப்பான். அவள் எப்போது வருவாள் என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பான்.

"போதும்டா, நீ நின்னது" என்றாள்.

'வந்துச்சு' பொத்தானை அழுத்தினாள். பச்சைப் புள்ளி அணைந்தது. முன்னறையில் நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது.