பனையும் தொட்டியும் ஒரே கோட்டில்

2005 நவம்பர் மழையில் ஏரி நிரம்பி, வல்லக்கோட்டைக்கு அப்பால் தேவராஜனின் ஊருக்குப் போகும் சாலையை மூடிவிட்டது. கார்களுக்கு வயர் கட்டும் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். மனைவி மோகனப்ரியாவுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று போன் வந்ததும் கம்பெனி பஸ்ஸில் கிளம்பினார். தண்ணீரின் ஓரத்தில் பஸ் நின்றுவிட்டது. அக்கரை அரை கிலோமீட்டர் தூரம். அவருக்கு நீச்சல் தெரியாது.

ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரின் படகு அங்கே கட்டிக் கிடந்தது. அதில் எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் இறங்குங்க. படகு முங்கப் போகுது" என்றாள் பஸ்ஸில் வந்த ஒரு பெண். தேவராஜனின் லைனில் வேலை செய்யும் மாரிசெல்வி. தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்காரி. அவள் அப்பா அங்கே படகோட்டி. இதெல்லாம் தேவராஜனுக்கு அன்றுதான் தெரியும். அதுவரை அவள் அவருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு எண்.

"நீ இன்னாமா, பெரிய கேப்டனா?" என்றான் படகிலிருந்த ஒருவன்.

அவள் படகின் விளிம்பைக் காட்டினாள். தண்ணீருக்கு மேலே நான்கு விரல்தான் மிச்சம் இருந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

டீக்கடையிலிருந்து மூடியிட்ட காலி எண்ணெய் கேன்களை வாங்கி, ஆளுக்கு இரண்டாகக் கக்கத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டச் சொன்னாள். துடுப்புப் போட வேல்ராஜ் என்கிற பஸ் கிளீனர் வந்தான். அவள் பின்பக்கம் மண்டியிட்டு நீளக் கழியைப் பிடித்தாள்.

"சார், நடுவுல உக்காருங்க. என்ன ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. அந்தா ஒத்தப் பனையும் அதுக்குப் பின்னால தண்ணித் தொட்டியும் தெரியுதா? ரெண்டும் ஒரே கோட்டுல நிக்கணும். விலகுச்சுன்னா தண்ணி நம்மள இழுக்குதுன்னு சொல்லுங்க."

தேவராஜன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போனார். பனை விலகிய போதெல்லாம் சொன்னார். அவள் படகின் முகத்தை நீரோட்டத்துக்கு எதிரே சற்றுத் திருப்பினாள். மறுபடி இரண்டும் ஒன்று சேர்ந்தன. தண்ணீருக்கடியில் வயல்கிணறுகள் இருந்த பக்கத்தை ஊர்க்காரரான அவரிடமே கேட்டு, அதைச் சுற்றிப் போனாள்.

அக்கரையில் மோகனப்ரியாவைப் பாயில் படுக்க வைத்து ஏற்றினார்கள். திரும்பும்போது கரையில் நின்ற பஸ்ஸும் அதன் பின்னாலிருந்த செல்போன் கோபுரமும் குறி. பாதி வழியில் மழை கொட்டியது. இரண்டும் மறைந்துவிட்டன.

மாரிசெல்வி, நீருக்கு மேலே நின்ற ஒரு வேப்பமரக் கிளையில் கயிற்றைச் சுற்றிப் படகை நிறுத்தினாள்.

"போம்மா, நேராத்தான கீது" என்று அந்தத் திசையில் கை நீட்டினார் தேவராஜன்.

"எங்க இருக்கோம்னு தெரியாம நகர மாட்டேன் சார்."

"வலி தாங்காம துடிக்கிறா. உனக்கு மனசே இல்லையா?"

"அக்கா நல்லபடியா போய்ச் சேரணும்னுதான் நிக்கேன்."

மோகனப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு மாரிசெல்வியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மாரிசெல்வி குனிந்து, படகுக்குள் தேங்கிய மழைத் தண்ணீரை டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். தேவராஜனுக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

பதினைந்து நிமிடம் கழித்து மழை தணிந்தது. தேவராஜன் கை நீட்டிய திசையில், ஐம்பதடி தூரத்தில், சாய்ந்த கம்பத்திலிருந்து மின்கம்பி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாரிசெல்வி கயிற்றை அவிழ்த்து, கோபுரத்தைத் தேடிப் பிடித்து, அகலமாகச் சுற்றிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்தாள்.

கரையில் வந்து காத்திருந்த கம்பெனி வேன் மோகனப்ரியாவை ஏற்றிக்கொண்டு பறந்தது. சாயங்காலம் காஞ்சிபுரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மறுநாள் தேவராஜன் மாரிசெல்வியின் ஹாஸ்டலுக்குப் போனார். முந்தின நாள் மட்டும் பதினோரு தடவை படகில் ஆட்களை ஏற்றிப் போய் வந்தாளாம், அறைத்தோழி செங்கமலம் சொன்னாள். இருட்டத் தொடங்கியதும், யார் கெஞ்சியும் கேட்காமல் படகைக் கட்டிவிட்டாளாம்.

மாரிசெல்வி கதவருகே வந்து நின்றாள். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது.

"அக்கா எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டாள்.

"நல்லா கீறாம்மா. உன்னையத்தான் கேட்டுக்கினே இருக்கா" என்றார்.