சொக்கலிங்கம் வீட்டில் சொக்கலிங்கத்துக்குக் கேதம்

கண்டனூர்ப் பெரிய வீட்டின் நிலைக்கதவுக்குப் பூட்டு ஒன்று, சாவி இரண்டு. இரண்டையும் போட்டுத் திருகினால்தான் திறக்கும். தன் பிள்ளைகள் இருவரும் என்றைக்கும் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று வீட்டைக் கட்டிய பாட்டன் அப்படிச் செய்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நல்ல மனிதர்தான், பேரன்மார்களின் லட்சணத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இப்போது ஒரு சாவி செக்காலையில் ஏகப்பன் வீட்டு பீரோவில் இருக்கிறது. இன்னொன்று இரண்டு தெரு தள்ளி, அவருக்கு அண்ணன் முறையான பெரியப்பச்சி மகன் சொக்கலிங்கத்தின் இடுப்பில் இருக்கிறது. அந்த இரண்டு சாவியும் ஒன்றையொன்று பார்த்துப் பதினொரு வருஷம் ஆகிறது. வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற ஆள் பின்கட்டு வழியாகப் போய் வருகிறான்.

சண்டைக்குக் காரணம் பெயிண்ட். சொக்கலிங்கம் மகனைப் பார்க்கப் பினாங்கு போயிருந்த சமயம், முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் குழைத்துக் கண்ணாடிபோல இழைத்திருந்த முகப்புச் சுவருக்கு ஏகப்பன் ரோஸ் கலர் அடித்துவிட்டார். திரும்பி வந்த சொக்கலிங்கம் நிலைவாசலிலேயே நின்று, “இது யாருடைய மிட்டாய்க் கடை?” என்று கேட்டார். “பிடிக்கலேன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கண்ணே” என்றார் ஏகப்பன். அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, வெட்டும் குத்தும் இல்லை. நாகரிகமான குடும்பம் என்பதால் பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

இப்போது ஏகப்பனின் மகள் சிவரஞ்சனிக்குத் தை மாதம் கல்யாணம். பெரிய வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று தேவகோட்டைச் சம்பந்தி வீட்டார் ஆசைப்பட்டார்கள். ஏகப்பனும் மார்பைத் தட்டிச் சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு நிலைக்கதவு ஞாபகம் வந்தது. மாப்பிள்ளையைப் பின்கட்டு வழியாக, பாத்திரம் விளக்குகிற இடத்தைத் தாண்டியா அழைத்து வருவது? ஏகப்பனுக்குத் தூக்கம் போயிற்று.

சிவரஞ்சனி பெங்களூரில் வீடியோ விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவர்கள் புதிதாக வெளியிட்டது ‘எட்டுப் பாளையம்’. வெள்ளைக்காரனைப் பாளையக்காரர்கள் எதிர்த்து நின்ற காலம். கையில் வாளும் சுழற்றி எறிகிற வளரியும் கொடுத்து உங்களைச் சீமைக்குள் இறக்கி விட்டுவிடுவார்கள். எங்கு வேண்டுமானாலும் போகலாம், எதன் மீதும் ஏறலாம். அதில் ஒரு பாளையக்காரரின் மாளிகைக்கு வீடு தேவைப்பட்டபோது, அவள் ஆட்களைக் கூட்டிவந்து பின்கட்டு வழியாக நுழைந்து, கண்டனூர் வீட்டை மூலை முடுக்கு விடாமல் படம் பிடித்துப் போய்விட்டாள்.

“வீடு கட்டுனது அதுக்கு நூறு வருசம் கழிச்சுத்தானத்தா” என்றார் ஏகப்பன்.

“அழகா இருக்குல்ல? விடுங்க அப்பச்சி” என்றாள் மகள்.

மகள் வாங்கிக் கொடுத்த பெட்டியை டிவியில் மாட்டி ஏகப்பன் விளையாடத் தொடங்கினார். பாங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அறிக்கை எழுதாமல் இருக்க மாட்டார். விளையாட்டின் வலைப்பக்கத்தில் நிறை, குறை என்று தலைப்புப் போட்டு நீளமாக எழுதினார். நிறை என்று பார்த்தால், நடு முற்றத்து வளவுக்குள் காலை வெயில் தூண் தூணாக இறங்குவது அச்சு அசலாக இருக்கிறது. குன்றக்குடி மலையில் முழங்கால் வலிக்காமல் ஓடி ஏற முடிகிறது, உச்சியிலிருந்து குதித்தாலும் வைக்கோல் போரில் விழுந்து எழுந்துகொள்ளலாம். விசில் அடித்தால் குதிரை வருகிறது. இந்தக் காலத்தில் விசில் அடித்தால் ஆட்டோகூட வருவதில்லை. குறைகளும் உண்டு. ஊரில் உள்ள பெண்கள் எல்லோரும் ஒரே குடத்தைச் சுமந்துகொண்டு ஒரே வசனத்தைச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் அறைக் கதவு ஒன்றுகூடத் திறக்கவில்லை, எல்லாம் வெறும் படம். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, காவல்காரன் ஒருவனை அடித்துவிட்டு வைக்கோலுக்குள் கொஞ்ச நேரம் பதுங்கி வெளியே வந்தால், அவன் பகையை மறந்து ஒதுங்கிப் போய்விடுகிறான். எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. இதை எழுதிவிட்டு, மகள் முகத்துக்காக ஐந்து நட்சத்திரம் போட்டார்.

மறுநாள் அதற்குக் கீழே ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு கருத்து வந்திருந்தது. “நிறை: ஒன்றுமில்லை. குறை: முகப்புச் சுவர். பாளையக்காரர் காலத்தில் எந்தக் கிறுக்கன் ரோஸ் அடித்தான்?”

பெயர் இல்லாவிட்டால் என்ன, ஏகப்பனுக்கு ஆள் யாரென்று தெரியாதா? சொக்கலிங்கத்துக்கும் ஒரு பெட்டி வந்திருந்தது. மனைவி போன பிறகு அப்பச்சி தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று பினாங்கிலிருந்து மகன் அனுப்பி வைத்தது. ஏகப்பன் உடனே பதில் எழுதினார்: “அந்தக் காலத்திலும் ரசனை உள்ளவர்கள் இருந்தார்கள்.” கீழே இன்னொரு பதில்: “இருந்தார்கள். அதனால்தான் சுண்ணாம்போடு நிறுத்தினார்கள்.” இப்படியே போயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் இதை ஏதோ பெரிய ஆராய்ச்சி என்று நினைத்து மொழிபெயர்த்துப் படித்தார்கள். கம்பெனியின் வரலாற்று ஆலோசகர் நடுவில் நுழைந்து, சுவரின் நிறம் குறித்த ஆதாரங்களைப் பரிசீலித்து வருவதாக உறுதி கொடுத்தார்.

சிவரஞ்சனி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. சந்தோஷப்பட்டாள். திட்டிக்கொண்டாலும் இரண்டு பேரும் பேசுகிறார்களே!

“அப்பச்சி, நீங்க அவுக வீட்டுக்குப் போக மாட்டீக, அவுக இங்குட்டு வர மாட்டாக. கண்டனூர்ல கதவு தெறக்காது. விளையாட்டுல அந்த வீடு தெறந்துதான கெடக்கு? சாவி விசயத்தப் பேசப் பங்காளிக கூட்டத்த அங்க வச்சுருவோம்.”

வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அங்கங்கே இருந்த பங்காளிகள் தத்தம் பெட்டியைத் திறந்து முகப்பில் வந்து கூடினார்கள். எல்லோருக்கும் முறுக்கு மீசை, இடுப்பில் வாள். கோலாலம்பூர்ப் பங்காளிக்கு உடை மாற்றத் தெரியாததால் வெள்ளைக்காரத் தளபதியாகவே வந்து நின்றார். வாசல் காவலர்கள் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஈட்டியோடு பாய்ந்தார்கள். பங்காளிகளில் மூத்தவரான சென்னை அழகுசுந்தரம், கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன் அந்தக் காவலர்கள் அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்க வேண்டியிருந்தது. எதிர்ச்சாரியில் தூணோரமாக ஒரு வீரர் கையைக் கட்டிக்கொண்டு ரோஸ் சுவரைப் பார்த்தபடி நின்றார். தலைக்கு மேல் பச்சை எழுத்தில் சொக்கலிங்கம் என்று மிதந்தது.

ஏகப்பன் பொத்தான் கருவியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். மகள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்: போனதும் ஒரு வணக்கம் போட்டுவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். முக்கோணப் பொத்தானை அழுத்தினால் வணக்கம், வட்டத்தை அழுத்தினால் வளரி. பதற்றத்தில் அவர் வட்டத்தை அழுத்தினார்.

வளரி விர்ரென்று சுழன்று போய்க் கழுத்தில் பட்டது. அண்ணன் முகப்பிலேயே குப்புற விழுந்தார். எல்லோர் திரையிலும் கொட்டை எழுத்தில் வந்தது: ‘சொக்கலிங்கம் கொல்லப்பட்டார். கொன்றவர்: ஏகப்பன்.’

விழுந்தவர் ஒரு பொத்தானை அழுத்தினால் எழுந்துகொள்ளலாம். எழவில்லை. தெரியாமல் இல்லை, அந்த விளையாட்டில் அவர் ஏறாத கோபுரம் கிடையாது. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் வந்தது: “கொன்னவன் வந்து கேதம் கேக்கட்டும். அதுவரைக்கும் எந்திரிக்கிறதா இல்ல.” சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைத்தான் கேதம் கேட்பது என்பார்கள்.

பிறகு குழு ரணகளமாயிற்று. பங்காளி செத்தால் தீட்டு உண்டே, தை மாதக் கல்யாணம் என்னாவது என்று கிளப்பிவிட்டார் கோலாலம்பூர்க்காரர். உயிரோடு இருக்கிறவருக்கு எப்படித் தீட்டு என்றார் ஒருவர். எழுத்தில் வந்துவிட்டதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் அழகுசுந்தரம் தீர்ப்புச் சொன்னார். “தீட்டுன்னா கல்யாணம் தள்ளிப்போகும், அதுனால தீட்டு இல்ல. கேதம் கேட்டா ஒண்ணும் தள்ளிப்போகாது, அதுனால கேதம் உண்டு. ஏகப்பா, நாளைக்கே போயிரு.”

“செத்தவுககிட்டயே போயிச் செத்ததக் கேக்கவா? ஊரே சிரிக்கும்” என்று ஏகப்பன் வீட்டுக்குள் குதித்தார்.

அவர் மனைவி தேனம்மை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “சிகப்பி ஆச்சி போனப்பயும் நீங்க போகல. நான்தான் போனேன். அப்ப ஊரு சிரிக்கல, காறித் துப்புச்சு. ஒங்க காதுல விழுகாமப் பாத்துக்கிட்டது நானு.”

சிகப்பி ஆச்சி சொக்கலிங்கத்தின் மனைவி. ஊரடங்குச் சமயத்தில் போனவர். போலீஸ் விடாது, பாஸ் கிடைக்காது என்று அன்றைக்கு ஏகப்பன் வீட்டிலேயே இருந்துவிட்டார். இரண்டு தெரு நடப்பதற்குப் பாஸ் வேண்டாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆச்சியோ, கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இனிப்புக் கவுனி அரிசி கிண்டினால் ஏகப்பனுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்த மனுஷி. தேனம்மை அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

மறுநாள் காலை ஏகப்பன் வெள்ளை வேட்டியும் துண்டுமாகப் புறப்பட்டார். கேத வீட்டுக்குப் போகிறவர் பையில் பழம் எடுத்துப் போகக் கூடாது, ஆனால் அண்ணனைப் பதினொரு வருஷம் கழித்துப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகலாமா? தெருமுனையில் வாழைப்பழம் வாங்கினார், யோசித்தார், கண்ணில் பட்ட மாட்டுக்குக் கொடுத்துவிட்டு நடந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. பட்டாலைக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் முகப்பு நடுவே சொக்கலிங்கம் குப்புறக் கிடந்தார். ஓர் ஆடு முதுகில் ஏறி நின்று எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. டிவிக்கு எதிரே நாற்காலியில் சொக்கலிங்கம் உட்கார்ந்து சொக்கலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்துவிட்டது. அண்ணனுக்கு இவ்வளவு வயதாகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டார் ஏகப்பன். கீழே விரித்திருந்த பாயில் போய் உட்கார்ந்தார்.

“என்ன?” என்றார் சொக்கலிங்கம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கேதம் கேக்க வந்தேன்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தேன்.”

“கேளு.”

ஏகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நல்ல மனுசரு. இப்படித் திடுதிப்புன்னு...”

“என்ன நல்லதக் கண்ட? சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லாத.”

“சைக்கிள் ஓட்டப் பழக்கி விட்டீக” என்றார் ஏகப்பன். “கண்டனூர் ஊருணிக்கரையில. பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடியாந்தீக, விட்டுட்டீகன்னு தெரியாம நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன். வேலைக்குப் போற அன்னைக்கு ஒங்க கைக்கடியாரத்தக் கழட்டிக் கட்டி விட்டீக. எங்கப்பச்சி தவறுனப்ப தோளு கொடுத்தீக...” செத்தவருக்காகச் சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கிறவரிடம் சொன்னால் இவ்வளவு வலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேதத்தில் எல்லோரும் கேட்கிற கேள்வி மிச்சமிருந்தது, வழக்கப்படி அதுவும் வாயில் வந்துவிட்டது. “எப்படிண்ணே ஆச்சு?”

“எப்படி ஆச்சா? நீதானடா வளரிய எறிஞ்ச?”

ஏகப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கத் தலையைத் திருப்பியபோது டிவிக்குப் பக்கத்துச் சுவரில் மாலை போட்ட படம் கண்ணில் பட்டது. சிரிப்பு அப்படியே நின்றது.

“ஆச்சிக்கு?” என்றார். “ஆச்சிக்கு எப்படிண்ணே ஆச்சு?”

சொக்கலிங்கம் டிவியை அணைத்தார். நாற்காலியிலிருந்து இறங்கிப் பாயில், ஏகப்பனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காலையில நல்லாத்தான்டா இருந்தா. ரெண்டு இட்லி தின்னா. சட்னியில உப்பு கூடிப்போச்சுன்னு அவளே சொன்னா. வெயிலுக்குக் கொஞ்சம் படுக்கிறேன்னு போனவ, கூப்புட்டேன், எந்திரிக்கல. கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சேன். முதல் நாளு அவகிட்ட ஒரு வார்த்த கடுசாப் பேசிட்டேன். கோவந்தான்னு நெனச்சு நானும் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டேன்டா.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “போன்ல கேட்டவுக எல்லாருகிட்டயும் மாரடைப்புன்னு சொல்லி முடிச்சுட்டேன். இத யாருகிட்டயும் சொல்லல. நீ வந்தாச் சொல்லலாம்னு இருந்தேன்.”

ஏகப்பன் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொல்லிக்கொண்டே போனார். இவர் ஊம் கொட்டிக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் சொக்கலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்புச் சாவியைத் தடவிப் பார்த்தார். “பூட்டு இறுகிப் போயிருக்கும். வெள்ளிக்கிழமை வாரேன், எண்ணெய் விட்டுப் பாப்பம்” என்றார். சாவியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வந்ததை ஏகப்பன் கேட்கவே இல்லை.

நேரமாகிவிட்டது. ஏகப்பன் எழுந்தார், துண்டைத் தோளில் போட்டார், ஒன்றும் சொல்லாமல் வாசலுக்கு நடந்தார். கேத வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். செருப்பில் ஒரு காலை விட்டபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

“டேய் ஏகப்பா, சொல்லிட்டுப் போடா. நான் இருக்கேன்ல?”

ஏகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வந்தார். “போயிட்டு வாரேண்ணே” என்றார்.

“வா” என்றார் சொக்கலிங்கம்.