பேட்டரியைக் கழற்றிவிட்டு வா

கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட, சாவுச் சடங்கு செய்ய வந்திருந்த ராமையா துணியைக் கிழித்துக்கொண்டிருந்தார். தினேஸ்வரி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தம்பி பவித்ரனின் கால். முப்பது வருஷமாய்ச் சைக்கிள் மிதித்து முறுக்கேறிப்போன கால். முதல் முடிச்சைப் போட்டு இறுக்கும்போதே தெருமுனையில் அந்த ரீங்காரம் கேட்டது. காதருகே கொசு வந்த மாதிரி மெல்லிய சத்தம். பேட்டரி சைக்கிள்கள் மேடேறி வருகின்றன.

"வந்துட்டானுங்க," என்றாள். பவித்ரனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சரளா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தினேஸ்வரி இரண்டாவது முடிச்சை வேண்டுமென்றே அழுத்திப் போட்டாள்.

வந்தவர்கள் பவித்ரனின் கூட்டாளிகள். ஞாயிறுதோறும் தஞ்சோங் ரம்புத்தானுக்குப் பின்னாலிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்து மலையில் சைக்கிள் ஏறுகிறவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் பால்மரக் காலத்து ஒற்றையடிப் பாதைகள் அங்கே மிச்சமிருந்தன. பவித்ரனும் தனேஷும் சேர்ந்துதான் அந்தக் கூட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு ஒரே சட்டம்தான். ஒருத்தன் வால். எல்லோருக்கும் பின்னால் வருவது அவன் வேலை. எவன் மெதுவாக ஏறினாலும் வால் அவனைத் தாண்டிப் போகக் கூடாது. ஒவ்வொரு முச்சந்தியிலும் கடைசி ஆள் வந்து சேரும் வரைக்கும் கூட்டம் நிற்கும்.

அப்போது எல்லாருடைய சக்கரமும் இருபத்தாறு இஞ்சு. பிறகு சக்கரம் இருபத்தேழரை ஆனது, இருபத்தொன்பது ஆனது. அச்சு அகலமானது. பழைய பிரேமுக்குப் புது அச்சு பொருந்தாது, முன்சக்கரத்தைப் பிடிக்கும் புது முன்கவைக்குப் பழைய தலைக்குழாய் பொருந்தாது. ஒன்றை மாற்றப்போனால் முழுச் சைக்கிளையே மாற்ற வேண்டும். ஒவ்வொருத்தனும் மாற்றினான். டயருக்குள் டியூப் வைப்பதையும் விட்டார்கள். கடைசியில் பாதிப் பேருக்குப் பேட்டரி வந்தது. பவித்ரன் மட்டும் அதே இருபத்தாறில் நின்றான். "சக்கரத்தப் பெருசாக்குனானுங்க, அச்ச அகலமாக்குனானுங்க, மலைய ஒசத்தலையே லா? அது அப்படியேதானே இருக்கு?" என்று சிரிப்பான். பினாங்கிலிருந்து ஆள் வைத்து இருபத்தாறு டியூப் வரவழைப்பான். அவனைப் பொருட்காட்சி என்று கூப்பிட்டார்கள். அதற்கும் சிரிப்பான்.

நேற்று வால் தனேஷ். பேட்டரி வண்டியில் மெதுவாகப் போவது அவனுக்குச் சலிப்பு. மேட்டின் பாதியிலேயே பவித்ரனைத் தாண்டிப் போய்விட்டான். உச்சியில் நின்று கைபேசியைப் பார்த்தார்கள். பவித்ரனைக் காட்டும் புள்ளி சரிவில் அசையாமல் நின்றது. "டியூப் மாத்துறான் லா. அவனுக்கு வேற என்ன வேல?" என்று ஒருத்தன் சொல்ல எல்லோரும் சிரித்தார்களாம். அந்தப் பக்கமாய் இறங்கி, கூட்டத்தில் ஒருத்தனான தௌஃபிக்கின் கடையில் ரொட்டி சானாய் சாப்பிடப் போனார்கள். செம்பனைப் பழம் வெட்டுகிற ஆள்தான் பவித்ரனைப் பார்த்தான். டியூப் ஒன்றும் வெடிக்கவில்லை. சைக்கிளைப் பத்திரமாக மரத்தில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தை தினேஸ்வரியின் வயிற்றில் நெருப்பாய்க் கிடந்தது. தனேஷைச் சும்மா விடக் கூடாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். அதற்காகவே அவள் இன்னும் அழாமல் இருந்தாள்.

தனேஷ் உள்ளே வந்தான். பெரிய உடம்பு. சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்... டேய் மச்சான்..." என்று தேம்பினான். பெண்களில் இரண்டு பேர் அவனுக்காகவும் சேர்த்து அழுதார்கள்.

"அழு," என்றாள் தினேஸ்வரி. "நல்லா அழு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "அக்கா, நாங்க எல்லாரும் வேனுக்கு முன்னால சைக்கிள்ல போறோம். சொடல வரைக்கும். அவனுக்காக இதாவது செய்யணும்க்கா."

கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாம் அவள் தொண்டை வரை வந்து நின்றன. ஆனால் சுடலைக்குப் போகும் பாதை கண்ணில் வந்தது. தோட்டத்துக் காலத்துச் சுடலை. மலைத்தோளில், அதே மேட்டில் இருக்கிறது. வாயால் கேட்பதைவிட நல்ல வழி தானாக அல்லவா வந்து வாசலில் நிற்கிறது!

"போலாம்," என்றாள். "ஆனா பேட்டரியக் கழட்டி இங்க வச்சிட்டு வாங்க. என் தம்பி போற வழியில மோட்டார் சத்தம் கேக்கக் கூடாது."

தனேஷ் விழித்தான். "அக்கா, பேட்டரி இல்லாட்டி அது ரொம்ப கனம் லா. சும்மா மிதிக்கவே முடியாது."

"அவன் மட்டும் பஞ்சு மூட்டையவா மிதிச்சான்?"

சாவு வீட்டில் வீட்டுக்காரர்கள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தனேஷ் அவள் பக்கம் ஒரு அடி வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அவன்தான் என்னப் போகச் சொன்னான். நீ போடா, நான் மெதுவா வாரேன்னான். சத்தியமா."

"செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லன்னு சொல்ல மாட்டான்னு தைரியமா?"

அவன் முகம் செத்துப்போயிற்று. தலையைக் குனிந்தபடி வெளியே போனான். கூடாரத்தின் கீழே, பாக்கெட் தண்ணீர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், பேட்டரிகளை வரிசையாக வைத்தார்கள். தினேஸ்வரி வாசலில் நின்று ஒவ்வொருத்தனும் கழற்றுவதைப் பார்த்தாள். அப்பாடா என்றிருந்தது.

பெட்டியை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. பெண்கள் சுடலைக்குப் போகலாமா என்று யாரோ ஒரு பெரியம்மா முணுமுணுத்ததைக் காதில் வாங்காமல் தினேஸ்வரி டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பிள்ளையில்லாத தம்பிக்குக் கொள்ளி வைக்கப்போவது அவள்தான். சரளா பின்னால் பெட்டிக்கருகே உட்கார்ந்தாள்.

சமவெளியில் எல்லோரும் சேர்ந்துதான் போனார்கள். செம்பனைக்குள் பாதை நிமிர்ந்ததும் கதை மாறியது. சாதாரணச் சைக்கிள்காரர்கள் ஏறினார்கள். பேட்டரிக்காரர்களில் இளசுகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்கள். தனேஷ் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினான். எத்தனை வருஷமாய் மோட்டார் தள்ளிவிட்டு ஏறிய உடம்பு! முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியது. கடைசியில் காலை ஊன்றி இறங்கித் தள்ள ஆரம்பித்தான். தௌஃபிக் அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான்.

தினேஸ்வரி ஜன்னலில் தலையை நீட்டினாள். "பொணத்துக்கு முன்னால போறவங்க பின்னால நிக்கக் கூடாது. போங்க!"

"அக்கா, அவருக்கு பிரஷர் இருக்கு..."

"என் தம்பிக்கும்தான் இருந்துச்சு. போங்கன்னு சொல்றேன்ல?"

தௌஃபிக் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மிதித்தான். வேன் தனேஷை உரசுகிற மாதிரி தாண்டியது. டிரைவர் காலைத் தளர்த்தினார். "மிதிங்கண்ணே," என்றாள். கண்ணாடியில் அவன் சிறியதாகிக்கொண்டே போனான். நல்லா வேணும், நல்லா வேணும் என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. வளைவில் அவன் மறைந்த பிறகும் அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுடலையில் கட்டை அடுக்கித் தயாராக இருந்தது. பவித்ரனை இறக்கி வைத்தார்கள். வாய்க்கரிசி போட்டு முடிந்தது. ராமையா மண்பானையில் தண்ணீர் நிரப்பிவிட்டு அவளைப் பார்த்தார்.

தௌஃபிக் கைகட்டி முன்னால் வந்தான். "அக்கா, தனேஷ் அண்ணே இன்னும் வரல. கொஞ்ச நேரம் நிப்போம் லா. கடைசி ஆள் வரணும்ல."

"நேத்து எங்க போச்சு இந்தச் சட்டம்? ஒங்க கடையில ஒக்காந்து ரொட்டி சானாய் தின்னுக்கிட்டு இருந்துச்சா?"

தௌஃபிக் தரையைப் பார்த்தான். மற்றவர்கள் சைக்கிள் கைப்பிடிகளைப் பார்த்தார்கள். அப்போதுதான் சரளா அன்றைக்கு முதல்தடவையாக வாய் திறந்தாள்.

"அண்ணி, அவங்க வரட்டும். இவரு எப்பவும் அப்படித்தான். யார் கூடப் போனாலும் நீ போ, நான் மெதுவா வாரேம்பாரு. என்கிட்டயும் அதத்தான் சொல்லுவாரு."

தினேஸ்வரிக்கு அது கேட்டது. நன்றாகவே கேட்டது. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகும்போதும் அவன் அப்படிச் சொன்னவன்தான். அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் இந்தக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டால் கையில் வேறு ஒன்றும் மிஞ்சாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பானையக் குடுங்க," என்றாள்.

"காத்திருக்கலாமேம்மா?" என்றார் ராமையா.

"குடுங்க."

பானையைத் தோளில் வைத்துச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ராமையா கத்தியால் ஒரு துளை போட்டார். தண்ணீர் முதுகில் சில்லென்று வழிந்தது. மூன்றாவது சுற்றில் பாதையைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பானையைப் பின்புறமாய்ப் போட்டு உடைத்தாள். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக் கொள்ளி வைத்தாள். கட்டை பற்றும் சத்தம் கேட்டது.

"திரும்பிப் பாக்காமப் போம்மா."

சுடலை வாசலில் கால் கழுவ ஒரு குழாய் இருந்தது. அவள் தனியாக அங்கே போனாள். பாதங்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தனேஷ் வந்தான். ஒரு கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மறு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவளுக்குப் பின்னால் எழும் புகையைப் பார்த்தான். சைக்கிளை மெதுவாகக் கீழே சாய்த்தான்.

வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை அவள் சொன்னாள். "முடிஞ்சிருச்சு. ஒனக்காக யாரும் நிக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குனிந்து முழங்கால்களில் கைகளை ஊன்றிக்கொண்டான். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் அடிக்கிற மாதிரி மூச்சு மட்டும் வந்தது. இழுத்து, நின்று, திரும்ப இழுத்து வந்தது. அந்த மேடு ஏறிய ஒருத்தனின் மூச்சை இவ்வளவு பக்கத்தில் அவள் கேட்டதில்லை. நேற்று தம்பியின் மூச்சைக் கேட்க அங்கே யாரும் இல்லை.

அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சிமெண்டில் அடித்துச் சத்தமாய்த் தெறித்தது. கழுவிய பாதங்களையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றாள்.