பாக்கியலக்ஷ்மி பேருக்கு

"அந்த எடத்தை இன்னொரு தரம் படி" என்றாள் ஒச்சம்மாள். பாக்கியலக்ஷ்மி அந்த இடத்தை ஏற்கெனவே இரண்டு தரம் படித்தாகிவிட்டது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுச் சுக்குக் களத்தில் சாயா குடிக்க விட்ட நேரம். புடைத்த முறங்களை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் சுக்குத்தூசி. நடுவில் ஒரு சாக்குக்கட்டின் மேல் ஒச்சம்மாள், களமே தன் பேரில் பத்திரம் எழுதியிருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். பாக்கியம் படித்தாள்: "இங்கே எனக்குப் பயமென்பதே கிடையாது. பஞ்சாப் கோதுமை ரொட்டி தின்று உடம்பு இரும்பாக இருக்கிறது. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்."

"பயமென்பதே கிடையாது" என்று ஒச்சம்மாள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "கேட்டியாடி திரேசா? எம் வகுத்துல பொறந்தவன்."

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்து, புருஷனைக் கொச்சி மண்ணுக்கே கொடுத்துவிட்டு, ஒற்றை ஆளாய் மகனை வளர்த்தவள் ஒச்சம்மாள். அந்த ராசப்பன் சீனாச் சண்டை முடிந்த கையோடு பட்டாளத்தில் சேர்ந்தான். அதற்கடுத்த வருஷம் லீவில் வந்து பாக்கியத்தைக் கட்டினான். லீவு தீர்ந்து ரயிலேறியபோது மஞ்சள் கயிற்றின் நிறம்கூட மங்கியிருக்கவில்லை. இரண்டு பேரும் மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள். தமிழ் வாய்க்கு வரும், கைக்கு வராது. அதனால் அவன் மலையாளத்தில் எழுதுவான், அவள் கண்ணால் மலையாளத்தைப் பார்த்து வாயால் தமிழில் படிப்பாள். ஒச்சம்மாளுக்கு இரண்டு எழுத்தும் ஒன்றுதான், தெரியாது.

கடிதங்கள் ஆத்தா பேருக்குத்தான் வரும். பெற்றவள் இருக்கப் பெண்டாட்டி பேருக்கு எழுதுகிறவனை அவர்கள் பக்கத்தில் மனுஷ ஜாதியில் சேர்ப்பதில்லை. பாக்கியத்துக்கு அதில் பங்கு கடைசி வரியில் வரும் 'எல்லோரையும்' என்ற சொல்தான். அந்தச் சொல் பெரிய கோணிப்பை. அதற்குள் களத்து மேஸ்திரி, கும்பளங்கித் திரேசா, எதிர்வீட்டு ஆவுடையம்மாள், அவள் வீட்டு ஆடு எல்லாம் அடக்கம். ஏதோ ஒரு மூலையில் கட்டிய மனைவியும் இருப்பாள் என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

பதில் எழுதுவதும் அவள்தான். ஒச்சம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து சொல்லுவாள், அவள் எழுதுவாள். "பாக்கியம் நல்லா இருக்கா, சொன்ன பேச்சைக் கேக்குறா, சோறுதான் கொஞ்சம் குழைச்சிப்புடுறா" என்று மாமியார் சொன்னதையும் தன் கையாலேயே, யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் எழுதுவாள். ஆகஸ்டு கடைசியில் அப்படி ஒரு கடிதத்தை எழுதி முடித்தபோது அடியில் விரற்கடை இடம் மிச்சமிருந்தது. ஒச்சம்மாள் வெற்றிலை துப்ப எழுந்து போனாள். அந்த இடைவெளியில் பாக்கியம் குறுக்கிக் குறுக்கி எழுதினாள்: 'ஆத்தாவுக்கு வருகிற கடிதத்தை நான் படித்துக் காட்டுகிறேன். எனக்கு ஒன்று எழுதினால் நானே படித்துக்கொள்வேன்.' எழுதிவிட்டு உடனே ஒட்டினாள். ஒட்டியபின் சிரிப்பும் வந்தது. ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்ட சிரிப்பு.

அந்தச் சிரிப்பு பத்து நாள் தாங்கவில்லை. செப்டம்பரில் பாகிஸ்தானோடு சண்டை வந்துவிட்டது. வெலிங்டன் தீவில் கப்பல்படை இருப்பதால் கொச்சி முழுக்க விளக்கை மூடச் சொன்னார்கள். மேஸ்திரியின் ரேடியோவில் லாகூர், சியால்கோட் என்று வாயில் நுழையாத ஊர்களெல்லாம் வந்தன. ராசப்பனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. ஒச்சம்மாள் வெளியே வீறாப்பாகத்தான் இருந்தாள், "எம் மவன் துப்பாக்கிய வச்சுட்டா கடுதாசி எழுதுவான்?" என்று கேட்டவர்களை மடக்கினாள். வீட்டில் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். பாக்கியத்துக்கோ, குண்டு விழுகிற இடத்துக்குப் போயா இப்படி ஒரு வரி எழுதினோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அதைப் படித்துச் சிரித்தானா, சலித்தானா, படித்தானா என்பதே தெரியவில்லை.

களத்தில் இன்னொரு பயமும் இருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். சீனாச் சண்டையில் திரேசாவின் தங்கை புருஷன் போய்விட்டான். அவனுக்கும் தாய் இருந்தாள், கடிதமெல்லாம் தாய் பேருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் செய்தி மட்டும் தங்கையின் பேருக்கு வந்தது. கல்யாணமானவன் செத்தால் சர்க்கார் பெண்டாட்டி பேருக்குத்தான் எழுதும் என்று அன்றைக்குத்தான் களத்துப் பெண்கள் தெரிந்துகொண்டார்கள்.

சண்டை நின்றதாக ரேடியோ சொல்லி ஒரு வாரம் இருக்கும். தபால்கார நாயர் களத்து வாசலில் சைக்கிளை நிறுத்தினார். மூன்று வருஷமாக அவர் அங்கே "ஒச்சம்மா!" என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். அன்றைக்கு உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஆரா இவிடெ பாக்கியலக்ஷ்மி? மிலிட்டரி எழுத்தாணு."

பட்டாளத்துக் கடிதம், அதுவும் பாக்கியத்தின் பேருக்கு. முறங்கள் நின்றன. திரேசா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒச்சம்மாள் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், சுக்குக் குவியல்மேல் அப்படியே சரிந்தாள். கொண்டை அவிழ்ந்து விழுந்தது. "நான் பெத்த ராசாவே!" என்று அவள் மாரில் அடித்துக்கொண்டு கிளப்பிய குரல் பஜார் ரோட்டில் போன கைவண்டிக்காரனை நிறுத்தியது. மற்றப் பெண்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஆவுடையம்மாள் ஓடிவந்து பாக்கியத்தைத் தாங்கிப் பிடித்தாள். அவள் பார்வை மட்டும் பாக்கியத்தின் கண்ணாடி வளையல்மேல் இருந்தது. பாவம், அந்தப் பார்வைக்கு அவளைக் குறைசொல்ல முடியாது.

நாயர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பாக்கியம் போய் வாங்கினாள். முகவரி இங்கிலீஷில் இருந்தது. அவளுக்குத் தெரிந்த சொற்ப இங்கிலீஷில் அவள் பேரும் ஒன்று. அந்த எழுத்துகளின் சாய்வு அவளுக்குத் தெரியும்.

"அத்தை, அழாதீக. இது அவுக கையெழுத்து."

"கையெழுத்து இருந்தா?" ஒச்சம்மாள் தலைநிமிர்ந்தாள். "எப்ப எழுதுனானோ! போறதுக்கு முந்தி எழுதி வச்சானோ! ஒனக்கு எதுக்குடி எழுதுறான்? பிரிச்சுப் படி!"

பிரித்தாள். உள்ளே மலையாளம். அவள் வாய் திறக்கவில்லை. கண் மட்டும் ஓடியது.

'பாக்கியத்துக்கு, நீ அடியில் எழுதியதைப் படித்தேன். அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன், முடியவில்லை. சண்டை நின்று இது மூன்றாம் நாள். நான் சுகம். ஆத்தாவுக்கு எழுதுவது களத்தில் எல்லோருக்கும் கேட்கும் என்று தெரியும், அதனால் பயமில்லை என்று எழுதுவேன். பயமாகத்தான் இருந்தது. கால் இரண்டும் உதறியது. ஆனால் நாங்கள் ஒருவரும் இடத்தை விட்டு நகரவில்லை, நானும் நகரவில்லை. இதை ஒருத்தியிடமாவது உள்ளபடி சொல்லவேண்டும் என்றிருந்தது. மேலே உன் பேரை எழுதினபோது பக்கத்தில் இருந்த பாலக்காட்டுக்காரன், யாரடா இது என்றான். என் வீட்டுக்காரி, கேட்டு வாங்குகிறவள் என்றேன்.'

அதற்குக் கீழேயும் கொஞ்சம் இருந்தது.

பாக்கியத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பயமில்லாதவனை அவள் இத்தனை நாளும் சத்தமாகப் படித்திருக்கிறாள். பயந்துகொண்டே நின்றவனை இப்போதுதான் பார்க்கிறாள். இவன்தான் என் புருஷன் என்று முதன்முதலாக அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"என்னடி சொல்றான்?"

"சண்டை நின்னப்புறம் எழுதுனது அத்தை. நல்லா இருக்காக. எடத்தை விட்டு ஒருத்தரும் நகரலையாம்."

களம் முழுக்க மூச்சு விட்டது. திரேசா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆவுடையம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. "அவ்வளவு நீளக் கடுதாசியில இம்புட்டுத்தானா? முழுசும் படிடி. இல்லாட்டி திரேசாகிட்டக் குடு, அவளுக்குத்தான் மலையாளம் தெரியுமே."

பாக்கியம் கடிதத்தை மடித்தாள். "மிச்சம் எனக்கு எழுதுனது மதினி."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாருக்கு முன்னால் 'எனக்கு' என்று அவள் ஒரு பொருளைப் பிடித்து வைத்ததில்லை. எல்லாரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள். ஒச்சம்மாள் அவிழ்ந்த கூந்தலும் முகமெல்லாம் சுக்குத்தூசியுமாக உட்கார்ந்தபடி மருமகளையே பார்த்தாள். தூசியில் கண்ணீர் இறங்கிய தடம் இன்னும் காயவில்லை. பிறகு மெதுவாகக் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

"என்னடி வேடிக்கை?" என்று ஆவுடையம்மாள்மேல் பாய்ந்தாள். "எம் மவன் அவன் பொண்டாட்டிக்கு எழுதியிருக்கான், ஒனக்கென்ன? ஒம் புருஷன் ஒனக்கு எழுதுனா அதை நீ ஊரைக் கூட்டிப் படி! போய் முறத்தை எடுங்கடி."

அரை மணி நேரம் போகவில்லை, மேஸ்திரியிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தது பாக்கியத்தின் காதில் விழுந்தது: "மருமவ பேருக்கே தனியா வந்திருக்குங்க. சண்டைய நிறுத்துன கையோட எழுதியிருக்கான்."

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான் ஒச்சம்மாள் கேட்டாள்.

"நீ கேட்டு எழுதுனியா?"

"ஆமா அத்தை."

"நான் சொன்னதுக்கு அடியிலயா?"

"ஆமா."

"எடம் இருந்துச்சா?"

"கொஞ்சூண்டு இருந்துச்சு."

மீன் மார்க்கெட் திருப்பத்தில் ஒச்சம்மாள் முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் ரொம்பப் பேசிப்புடுறேன் போல" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போனபின், "எம் பேரு இருக்கா அதுல?" என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"மேலயே இருக்கு அத்தை."

வீட்டில் விளக்கேற்றியதும் ஒச்சம்மாள் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துத் தரையில் வைத்தாள். வழக்கம்போல் காலை நீட்டி உட்காரவில்லை. "இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சொல்லிக்கிறேன். நீ எழுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பாக்கியம் பேனாவைத் திறந்தாள். முழுக் காகிதம், மேலிருந்து கீழ்வரைக்கும் வெறுமையாக இருந்தது. எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

சேதி கேள்விப்பட்டுத் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசற்படியில் ஒச்சம்மாள் இரண்டு நிலைக்கால்களிலும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். உள்ளே எட்டிப் பார்க்க ஒரு இடுக்குகூட இல்லை.

"சத்தம் போடாதீக" என்றாள். "எம் மருமவ எழுதிக்கிட்டிருக்கா."