தலைகீழாய் நிறுத்திய பாட்டில்கள்

தொழில் வட்டாரத்தில் அவளை மூடிக்காரி என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் பாட்டில்களுக்கு மூடி வார்க்கும் அச்சு செய்வதில் கெட்டிக்காரி.

அவளுடைய அக்காவும் அத்தானும் குடியேறியிருந்த நாட்டில் மூடி செய்யும் ஆலையே இல்லை. எல்லாம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. "நீ அச்சோட கெளம்பி வா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தான். அங்கே வெளிநாட்டவர் தனியாக ஆலை வைக்க முடியாது. பெரும்பங்கு அந்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் பெயரில் இருக்க வேண்டும். அத்தானுக்குக் குடியுரிமை இருந்தது. வீட்டு மனுஷர்தானே என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஷெட் பிடித்ததும், மின் இணைப்புக்கு நாயாய் அலைந்ததும், பாஷை புரியாத ஆட்களுக்குச் சைகையிலேயே மெஷின் ஓட்டப் பழக்கியதும் அவள்தான். மூடிகள் மழையாய்க் கொட்டத் தொடங்கின. நாட்டின் பெரிய தண்ணீர் கம்பெனி ஆர்டர் கொடுத்ததும் அத்தானின் குரல் மாறியது.

"இனிமே உனக்கு இங்க வேலை இல்லம்மா. விசாவை ரத்து பண்ணச் சொல்லிட்டேன்."

"அத்தான், இது நான் உண்டாக்கின கம்பெனி!"

"பேப்பர்ல யார் பேரு இருக்கு? நீ வெளிநாட்டுக்காரி. அதை மறந்துடாத."

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தங்கையின் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து, அழகாக. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவரைவிட அந்த மடிப்புதான் அவளை அதிகம் எரித்தது.

ஊர் திரும்பி யார் யாருக்கோ அச்சு செய்து கொடுத்துக் காசு சேர்த்தாள். சோறு இறங்கவில்லை, கறுவிக்கொண்டே இருந்தாள். அப்போது அந்த நாட்டு அரசாங்கம் துறைமுகத்தை ஒட்டி ஒரு தொழிற்பேட்டை திறந்தது. அதற்குள் வெளிநாட்டவரே முழுச் சொந்தமாக ஆலை நடத்தலாம். சேதி காதில் விழுந்த வாரமே கிளம்பிவிட்டாள்.

"உள்ளூர்ல உங்க ஆள் யாரு?" என்று கேட்டார் பேட்டை அதிகாரி.

"நான்தான் என் ஆள்."

ஆலை ஓடத் தொடங்கியும் அவள் தண்ணீர் கம்பெனிப் பக்கம் போகவில்லை. கொக்கு மாதிரி காத்திருந்தாள். அத்தான் பெரும் கடன் வாங்கிப் புது மெஷின் தருவிக்கிறார் என்று லாரிக்காரன் சொன்னபோது சிரித்துக்கொண்டாள். பழைய அச்சு எவ்வளவு தேய்ந்திருக்கும் என்பது அதைக் கடைந்த அவளுக்குத் தெரியாதா? புது மெஷினிலும் அதையேதான் மாட்டுவார்; அதை மாற்ற வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மெஷின் அத்தானின் ஷெட்டில் இறங்கி, கடன் அவர் தலையில் ஏறிய பிறகே அவள் தண்ணீர் கம்பெனிக்குப் போனாள். கொள்முதல் அதிகாரியின் மேஜையில் இரண்டு பாட்டில்களைத் தலைகீழாக நிறுத்தி, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காகிதம் விரித்தாள். ஒன்றில் அவள் மூடி, மற்றதில் அத்தானின் மூடி. டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு காகிதம் நனைந்து மேஜையோடு ஒட்டிக்கொண்டது.

"கடைக்காரங்க ஒழுகுதுன்னு கத்தினது இதுக்குத்தானா!" என்றார் அதிகாரி.

ஆர்டர் கைமாறியது. கடனும் ஓடாத மெஷினுமாக அத்தான் திணறினார். கடைசியில் அவளைத் தேடி வந்தார்.

"ஷெட்டு, மெஷினு, ஆளுங்க எல்லாத்தையும் நீயே எடுத்துக்கம்மா. என்னையும் ஒரு ஓரமா வச்சுக்க. நாம ஒரே குடும்பம்."

"ஆளுங்க போன வாரமே எங்கிட்ட வந்துட்டாங்க அத்தான். புது மெஷினை ஏலத்துல பாத்துக்கறேன். உங்களை வச்சு நான் என்ன பண்றது?"

அவர் முகம் செத்தது. அவள் அதை ஆற அமரப் பார்த்தாள். ஏலத்தில் மெஷின் அவளுக்கே விழுந்தது.

அக்கா போன் செய்தாள். "அவர் பாதியா இளைச்சுட்டார்டி. இப்ப உனக்கு நிம்மதியா?"

"நல்லா தூங்கறேன்க்கா."

அக்கா போனை வைத்துவிட்டாள். பொய் இல்லை, அவள் நன்றாகத்தான் தூங்கினாள். அத்தானை நினைத்தால் இப்போது ஒன்றும் தோன்றவில்லை. அக்கா மீதிருந்த கோபத்தை மட்டும் எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.