நரி கிடந்த இடம்

பிணவறை வாசலில் அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, போலீஸ்காரர் ஒரு ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார்.

"உங்கப்பா கார் டிக்கியில இருந்துச்சும்மா. உள்ள ஏதோ மிருகம். எங்களுக்கு ஒண்ணும் புரியல."

அவளுக்குப் புரிந்தது. நரி. வண்டியில் அடிபட்டுச் சாகும் நரிகளின் மண்டையைத் திறந்து, மூளையில் வெறிநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது ஆய்வகத்தில் அவள் வேலை. முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. நரி பொறுக்கும் வேலையைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். "மகளைப் பாக்கப் போறவன் பழம் வாங்கிட்டுப் போவான். நான் செத்த நரியைத் தூக்கிட்டுப் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார்.

நரியை எடுக்கக் குனிந்தபோதுதான் அப்பாவை லாரி அடித்திருக்கும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நரி பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது.

"அப்புறம் எப்படி அடிச்சது?"

"அதாம்மா தெரியல. டிக்கியைப் பூட்டிட்டு இருநூறு அடி நடந்துபோயிருக்காரு, எதிர்ப்பக்கம். அங்க ஓரமா குனிஞ்சு நின்னவரு, நிமிர்ந்து சட்டுனு ரோட்டுல இறங்கிட்டாருன்னு லாரிக்காரன் சொல்றான்."

"முழங்கால் வலின்னு மாடிகூட ஏறமாட்டாரு," என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா. "அவ்வளவு தூரம் எதுக்கு நடந்தாரு?"

அவள் பெட்டியைத் திறந்தாள். நரிக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் ஆய்வகப் படிவம். அப்பாவின் குண்டு குண்டான எழுத்து. பெண் நரி. காலை ஐந்து ஐம்பது. இடம் என்ற வரியில் சாலையின் பெயர், பிறகு 'கி.மீ.', அதற்குப் பிறகு வெறும் தாள்.

போன வாரம் 'பாலம் தாண்டி' என்று மட்டும் எழுதிக் கொண்டுவந்த நரியை அவள் குப்பைக்கு அனுப்பியிருந்தாள். எல்லார் முன்னாலும்.

"எந்தப் பாலம்ப்பா? கிலோமீட்டர் கல்லைப் பாத்து எழுதுங்க. இல்லன்னா இனிமே வாங்கமாட்டேன்."

"சரிங்க மேடம்" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அவள் படிவத்தின் அந்த வெற்று இடத்தை விரலால் தடவினாள். நான்தான் அவரை அங்கே அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தாள். அந்த நினைப்பைத் தாண்டி மனம் ஓர் அடி நகரவில்லை.

போலீஸ்காரர் தம் அறிக்கையை அவள் பக்கம் திருப்பினார். "ஒருதடவை கேட்டுக்குங்கம்மா. சம்பவம் நடந்த இடம், நாப்பத்தேழாவது கிலோமீட்டர் கல்லுக்கு நேர் எதிர்ல. சரிதானே?"

அவள் தலையசைத்தாள்.

"அங்க என்னடி இருக்கு?" என்றாள் அம்மா.

"ஒரு கல்லும்மா."

மகள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து பெஞ்சில் பரவியது. அம்மா பார்வையை எடுக்காமலே கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.